உங்க நம்பிக்கைக்கு சயின்ஸ் கிட்ட சர்டிபிகேட் கேக்காதீங்க: ஆன்மிகப் பேச்சாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆன்மிகப் பேச்சாளர்களுக்கு வணக்கம்.

இத எந்த ஒரு மதத்துக்காரங்களுக்கும் தனியா எழுதல. ஸ்லோகம் சொல்றவங்க, பைபிள் வசனம் சொல்றவங்க, ஆயத்து ஓதுறவங்க எல்லாருக்கும் சேர்த்துதான் எழுதுறேன். ஏன்னா நான் சொல்ல வர்ற பழக்கம் எல்லார்கிட்டயும் ஒரே மாதிரி இருக்கு, நூல் பேர் மட்டும்தான் மாறுது. கொஞ்ச நேரம் பக்தி பேசினதும் பேச்சுக்குள்ள சயின்ஸ் வந்துடுது. பிக் பேங் பத்தி எங்க நூல்ல அப்பவே இருக்கு, கருவுல குழந்தை வளர்ற ஸ்டேஜ் எல்லாம் எங்க மறையில அப்படியே இருக்கு, குவாண்டம் பிசிக்ஸ் இப்போதான் எங்க தத்துவத்துகிட்ட வந்து நிக்குது, விஞ்ஞானிகளே ஆச்சரியப்பட்டுட்டாங்க. கூட்டம் கைதட்டுது, அந்த வீடியோ ஆயிரம் பேருக்கு ஃபார்வர்ட் ஆகுது.

நானும் நம்பிக்கை உள்ளவன்தான். கண்ண மூடி கை கூப்பி நிக்கிறவன்தான். சயின்ஸும் படிச்சவன், அத இன்னைக்கும் ஆசையா படிக்கிறவன். ரெண்டும் ஒரே மனுஷனுக்குள்ள சண்டை இல்லாம இருக்க முடியும்னு மனசார சொல்றேன், அதுக்கு வரலாற்றுலயே நெறைய ஆளுங்க சாட்சி. ஆனா நீங்க ரெண்டையும் சேத்து வைக்கிற விதம் இருக்கே, அது ரெண்டையும் கெடுக்குது. சயின்ஸ விட அதிகமா நம்பிக்கையத்தான் கெடுக்குது, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுத உக்காந்தேன்.

முதல்ல ஒரு கேள்வி. நீங்க சொல்ற அந்த வரிகள்ல இருந்து, சயின்ஸ் கண்டுபிடிக்கிறதுக்கு முன்னாடியே யாராவது ஒரு விஷயத்த எடுத்து சொல்லி, அப்புறம் அளந்து பாத்து அது சரின்னு வந்துருக்கா? எப்பவும் பின்னாடிதான வருது. சயின்ஸ்ல ஒரு விஷயத்த முன்கூட்டியே சொல்றதுன்னா எப்படி இருக்கும்னு பாருங்க. 1948ல ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன்னு ரெண்டு பேர் கணக்கு போட்டு, பிரபஞ்சம் பயங்கர சூடான நிலையில இருந்து விரிஞ்சு வந்துருந்தா அந்த சூட்டோட மிச்சம் இன்னைக்கும் வானம் முழுக்க இருக்கணும், அதோட வெப்பநிலை சுமாரா 5 கெல்வின் இருக்கும்னு எழுதி வெச்சாங்க. 1965ல அர்னோ பென்சியாஸும் ராபர்ட் வில்சனும் இவங்க கணக்கு பத்தி எதுவும் தெரியாமலே, ஒரு ஆன்டெனாவுல எந்தப் பக்கம் திருப்பினாலும் போகாத ஒரு இரைச்சல் வருதேன்னு மண்டைய உடைச்சிக்கிட்டு, கடைசியில அது அந்த மிச்ச சூடுதான்னு தெரிய வந்துச்சு. இன்னைக்கு துல்லியமா அளந்து 2.725 கெல்வின்னு சொல்றோம். முன்னாடியே ஒரு நம்பர் சொல்லணும், அது தப்பா போறதுக்கு வாய்ப்பு இருக்கணும், அதுக்கப்புறம் அளக்கணும். நீங்க சொல்ற வரிகள் ஒண்ணுல கூட ஒரு நம்பர் தப்பா போற ரிஸ்க்க யாரும் எடுத்ததில்ல. பிரபஞ்சம் மாறாம அப்படியே இருக்குன்னு எல்லாரும் நெனச்ச காலத்துலயும் அதே வரிகள் இருந்துச்சு, அப்போ படிச்சவங்களுக்கு அதுல பிக் பேங் தெரியல.

பிக் பேங்னு சொன்னதும், உங்கள்ல பல பேருக்கு தெரியாத, தெரிஞ்சே ஆக வேண்டிய ஒருத்தரப் பத்தி சொல்லணும். ஜார்ஜ் லெமைத்ர். பெல்ஜியத்துக்காரர், கத்தோலிக்க பாதிரியார். 1923ல குருப்பட்டம் வாங்கினவர், அதோட சேத்து ஐன்ஸ்டைனோட பொதுச் சார்பியல் சமன்பாடுகள கரைச்சு குடிச்சவர். 1927ல பிரபஞ்சம் விரிஞ்சிட்டே இருக்குன்னு ஒரு கட்டுரை எழுதினாரு, உங்க கணக்கு சரி ஆனா உங்க பிசிக்ஸ் மோசம்ங்கிற மாதிரி ஐன்ஸ்டைனே அவர்கிட்ட சொல்லிருக்காரு. 1931ல இன்னும் ஒரு படி மேல போய், இந்த விரிவ பின்னோக்கி ஓட்டினா எல்லாம் ஒரே ஒரு ஆதி அணுவுல இருந்து தொடங்கிருக்கணும்னு சொன்னாரு. இன்னைக்கு நாம பிக் பேங்னு சொல்றதுக்கு அடித்தளம் போட்டது அங்கி போட்ட ஒரு பாதிரியார். இதுக்கே நீங்க கைதட்டுவீங்க, ஆனா அதுக்கப்புறம் நடந்ததுதான் எனக்கு முக்கியம்.

1951 நவம்பர்ல போப் பன்னிரண்டாம் பயஸ், வத்திக்கானோட அறிவியல் கழகத்துல பேசும்போது, இந்த புது வானவியல் படைப்புக்கே சாட்சி சொல்ற மாதிரி இருக்குன்னு சந்தோஷமா பேசினாரு. ஒரு பாதிரியார் போட்ட கணக்க போப்பே மேடையில பாராட்டுறாரு, வேற யாரா இருந்தாலும் வானத்துல மிதந்துருப்பாங்க. லெமைத்ருக்கு அது புடிக்கல. வத்திக்கான் வானியல் ஆய்வகத்தோட தலைவரா இருந்த டேனியல் ஓ'கானல் கிட்ட பேசி, தயவு செஞ்சு இந்த ரெண்டையும் இப்படி முடிச்சு போட வேண்டாம்னு எடுத்து சொல்ல வெச்சாரு. அடுத்த வருஷம் ரோம்ல உலக வானவியலாளர்கள் மாநாடு நடந்தப்போ அதே போப் வந்து பேசினாரு, ஆனா பிக் பேங் படைப்புக்கு சாட்சிங்கிற பேச்ச எடுக்கல. 1958ல ஒரு மாநாட்டுல லெமைத்ர் இன்னும் தெளிவா, தன்னோட கொள்கை மத சம்பந்தமான எந்தக் கேள்விக்குள்ளயும் வராது, கடவுள் இல்லங்கிறவரும் தாராளமா ஏத்துக்கலாம்ங்கிற அர்த்தத்துல பேசினாரு.

ஏன் அவர் அப்படி பண்ணாரு? அவருக்கு பக்தி கம்மியா? சாகுற வரைக்கும் பாதிரியாராவே இருந்தவர், 1960ல வத்திக்கான் அறிவியல் கழகத்துக்கே தலைவரானவர். எனக்கு புரிஞ்ச வரைக்கும் காரணம் இதுதான். 1951ல அந்த கொள்கை ஆட்டம் கண்டுட்டு இருந்துச்சு. அப்போ இருந்த அளவீட்டுப்படி விரிவ பின்னோக்கி ஓட்டினா பிரபஞ்சத்தோட வயசு 200 கோடி வருஷத்த கூட தாண்டல, ஆனா பூமியில இருக்கற பாறைங்களோட வயசே அதவிட அதிகமா வந்துச்சு. பிள்ளை அம்மாவ விட மூத்ததா இருக்க முடியாதுல்ல. இன்னொரு பக்கம் ஃபிரெட் ஹோய்ல்ங்கிற வானவியலாளரும் அவரோட ஆட்களும் பிரபஞ்சத்துக்கு தொடக்கமே இல்லன்னு பலமான ஒரு போட்டிக் கொள்கைய வெச்சிருந்தாங்க. அந்த நேரத்துல கடவுள் நம்பிக்கைய இந்தக் கொள்கை மேல ஏத்தி வெச்சு, நாளைக்கு ஹோய்ல் ஜெயிச்சிருந்தா? படைத்தவர் தோத்துட்டார்னு ஆயிருக்கும். லெமைத்ர் சயின்ஸ தெரிஞ்சவர், அது தன்னத் தானே திருத்திக்கிட்டே போற ஒண்ணுன்னு தெரிஞ்சவர், அதனால தன்னோட கடவுள அது மேல உக்கார வைக்க மாட்டேன்னுட்டாரு. கடைசியில அவர் கணக்குதான் ஜெயிச்சுது. 1966ல சாகுறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடி, அந்த மிச்ச சூடு கண்டுபிடிச்ச செய்தி அவருக்கு போய் சேந்துச்சு. இன்னைக்கு பிரபஞ்சத்தோட வயசு சுமார் 1,380 கோடி வருஷம்னு சொல்றோம். பின்னாடி சரின்னு ஆன தன்னோட சொந்தக் கொள்கைய கூட மதத்துக்கு சாட்சியா காட்டாதீங்கன்னு ஒரு பாதிரியார் கேட்டாருன்னா, நீங்க அடுத்தவங்க கண்டுபிடிச்சத எடுத்து எங்களுதுன்னு சொல்றது எவ்வளவு பெரிய விஷயம்னு யோசிங்க.

சயின்ஸ்ல இன்னும் பதில் தெரியாத இடத்துல கடவுள வைக்கிறதும் இதே பழக்கத்தோட இன்னொரு முகம்தான். இது நியூட்டனுக்கே நடந்துருக்கு. கிரகங்க ஒண்ண ஒண்ணு இழுக்கறதுல சுற்றுப்பாதை கொஞ்சம் கொஞ்சமா கலைஞ்சு போகும், அப்பப்போ கடவுள் வந்து சரி பண்ணனும்ங்கிற மாதிரி அவர் எழுதினாரு. அப்போவே ஜெர்மன் தத்துவவாதி லைப்னிட்ஸ், அடிக்கடி ரிப்பேர் பண்ற அளவுக்கு கடவுள் சரியில்லாத ஒரு கடிகாரத்தையா செஞ்சாருன்னு கேட்டாரு. 1780கள்ல பிரெஞ்சு கணித மேதை லாப்லாஸ், வியாழன் சனி ரெண்டோட பாதையில தெரிஞ்ச மாற்றம் கலைஞ்சு போறது இல்ல, ஏறத்தாழ 900 வருஷத்துல ஒரு சுத்து வந்து திரும்பறதுன்னு கணக்குல காமிச்சாரு. அவ்வளவுதான், கடவுளுக்கு குடுத்த அந்த வேலை போச்சு. நியூட்டனுக்கு இருந்த பக்தியில எனக்கு சந்தேகமே இல்ல, ஆனா அவர் தன் கடவுள வெச்ச இடம் தப்பு. 1944ல நாஜி ஜெயில்ல இருந்து டீட்ரிஷ் போன்ஹோஃபர்ங்கிற ஜெர்மன் பாதிரியார் ஒரு கடிதத்துல இதத்தான் எழுதினாரு, நமக்கு தெரியாதத நிரப்பறதுக்கு கடவுள பயன்படுத்தக் கூடாது, அப்படி பண்ணா அறிவோட எல்லை நகர நகர கடவுளும் பின்வாங்கிட்டே போகணும், நமக்கு தெரிஞ்சதுலதான் கடவுள தேடணும்னு. அடுத்த வருஷம் அவர தூக்குல போட்டுட்டாங்க. சாவு எதிர்ல நிக்கிறப்போ கூட மலிவான ஆதாரம் வேண்டாம்னு எழுத முடிஞ்ச ஒருத்தரோட நம்பிக்கை அது.

இது ஏதோ நவீன காலத்து கவலைன்னு நெனைக்காதீங்க. கிரகணத்த மட்டும் எடுத்துக்கோங்க, மூணு மரபுலயும் இதே விவாதம் ஓடிருக்கு.

1,600 வருஷத்துக்கு முன்னாடி புனித அகஸ்டின், பைபிளோட முதல் புத்தகமான ஆதியாகமத்துக்கு உரை எழுதும்போது ரொம்ப கோவமா ஒரு இடம் எழுதிருக்காரு. நட்சத்திரங்களோட ஓட்டம், முன்கூட்டியே சொல்ல முடியற சூரிய சந்திர கிரகணம், இதெல்லாம் கிறிஸ்தவன் அல்லாதவனுக்கும் கணக்கு போட்டு அனுபவத்துல தெரிஞ்சிருக்கு. அவன் முன்னாடி ஒரு கிறிஸ்தவன் வேதத்துல இருக்குன்னு சொல்லி இந்த விஷயத்துல உளறினா அது வெக்கக்கேடு, அவனுக்கு நல்லா தெரிஞ்ச விஷயத்துலயே நம்ம புத்தகம் தப்புன்னு பட்டுச்சுன்னா உயிர்த்தெழுதல் பத்தி, நித்திய வாழ்வு பத்தி நாம சொல்றத அவன் எப்படி நம்புவான்னு கேக்குறாரு. இந்தக் கேள்விக்கு இன்னைக்கும் பதில் இல்ல.

அல் கஸ்ஸாலி, இஸ்லாமிய அறிஞர், 1111ல இறந்தவர், தத்துவவாதிகள எதிர்த்து எழுதினவர், அவர யாரும் மதத்துல தளர்ச்சின்னு சொல்ல முடியாது. அவரும் கிரகணத்தத்தான் எடுக்குறாரு. சூரியனுக்கும் சந்திரனுக்கும் நடுவுல பூமி வர்றதாலதான் சந்திர கிரகணம், இது கணக்குல நிரூபணம் ஆனது, மார்க்கத்த காப்பாத்துறேன்னு இத மறுக்கறவன் மார்க்கத்துக்கே கேடு பண்றான், முறையா எதிர்க்கறவனால வர்ற கேட்ட விட தப்பான வழியில காப்பாத்த வர்றவனால வர்ற கேடு பெருசுன்னு எழுதிருக்காரு. அவர் இதுக்கு துணையா ஒரு ஹதீஸ, அதாவது நபிகள் நாயகத்தோட சொல்லையும் செயலையும் பத்தின ஒரு பதிவ, எடுத்து வைக்கிறாரு, அந்த சம்பவம் என்ன ரொம்ப பாதிச்ச ஒண்ணு. நபிகள் நாயகத்தோட சின்ன மகன் இப்ராஹிம் இறந்த அன்னைக்கு சூரிய கிரகணம் வந்துச்சு. அந்த பிள்ளையோட சாவுக்காகத்தான் சூரியனே இருண்டு போச்சுன்னு ஜனங்க பேச ஆரம்பிச்சாங்க. ஒரு மதத் தலைவருக்கு இத விட பெரிய அற்புதம் கேக்காமலே கிடைக்குமா? மகன பறிகொடுத்த துக்கத்துல இருந்த அந்த நேரத்துலயும் அவர், சூரியனும் சந்திரனும் இறைவனோட அத்தாட்சிகள், யாரோட சாவுக்காகவும் பிறப்புக்காகவும் அதுங்களுக்கு கிரகணம் பிடிக்கிறதில்லன்னு சொல்லிட்டு, தொழுகைக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு. தொழுகைய விடல, பொய்யான காரணத்த மட்டும் விட்டாரு. சும்மா கெடச்ச சாட்சிய அவரு திருப்பி குடுத்துட்டாரு, நாம என்னடான்னா இல்லாத சாட்சிய தேடி அலையறோம்.

மூணாவது நம்ம பக்கம். கி.பி. 499ல ஆர்யபடர், கிரகணம் நிழலால வருது, பூமி தன்னத் தானே சுத்துதுன்னு எழுதிட்டாரு. 628ல பிரம்மகுப்தர், மாபெரும் கணித மேதை, ஆர்யபடரையும் இன்னொரு வானவியலாளரான வராகமிகிரரையும் திட்டுறாரு, ராகுவால கிரகணம் இல்லன்னு சொன்னா வேதத்துக்கும் ஸ்மிருதிக்கும் விரோதம்னு. ஆனா அதே பிரம்மகுப்தர் கிரகணத்த கணக்கு போடறப்போ நிழலோட விட்டத்த வெச்சுத்தான் போடறாரு, ராகுவ வெச்சு இல்ல. சுமார் 1030ல இந்தியாவ பத்தி எழுதின இஸ்லாமிய அறிஞர் அல் பிரூனி இத படிச்சிட்டு அதிர்ந்து போறாரு. இவ்வளவு தெரிஞ்ச மனுஷன் ஏன் இப்படி எழுதணும், தன் கருத்துக்காக மரண தண்டனை வாங்கின சாக்ரட்டீஸுக்கு வந்த கதி தனக்கும் வந்துடும்னு பயந்துருப்பாரோன்னு சந்தேகப்படறாரு. இத நெனச்சா எனக்கு மனசு கனக்குது. வாய் ஒண்ணு சொல்லுது, கணக்கு போடற கை வேற ஒண்ண செய்யுது. ஒரு மேதைய அப்படி ரெண்டா கிழிச்சு வெக்கிறதுதான் மதத்துக்கு பெருமையா? நீங்க மேடையில பேசற பேச்சு இன்னைக்கும் சயின்ஸ் படிக்கிற பக்தியுள்ள பிள்ளைங்கள அப்படித்தான் ரெண்டா கிழிக்குது.

அப்போ ரெண்டும் எப்படித்தான் சேந்து இருக்கும்னு கேப்பீங்க. சேந்து இருந்தத காட்டறேன்.

1979 பிசிக்ஸ் நோபல் மூணு பேருக்கு கிடைச்சுது, அதுல ரெண்டு பேரு அப்துஸ் சலாமும் ஸ்டீவன் வெய்ன்பெர்கும். மின்காந்த விசையும் அணுக்கருவுக்குள்ள நடக்கற வலுக்குறைந்த விசையும் அடிப்படையில ஒண்ணுதான்னு ஒரே கொள்கைக்கு ரெண்டு பேரும் தனித்தனியா வந்து சேந்தாங்க. சலாம் ஆழமான இறைநம்பிக்கை உள்ளவர், நோபல் விருந்துல பேசினப்போ குர்ஆன் வசனம் சொன்னவர். வெய்ன்பெர்க் கடவுள் இல்லன்னு ஒளிவு மறைவு இல்லாம சொன்னவர். சமன்பாடு ஒண்ணுதான். 1983ல ஐரோப்பாவோட சேர்ன் துகள் ஆய்வகத்துல அந்தக் கொள்கை சொன்ன துகள்கள் சொன்ன எடையிலயே கிடைச்சப்போ, அது தொழுதவருக்கு ஒரு மாதிரி தொழாதவருக்கு ஒரு மாதிரி வரல. சலாமே இதப் பத்தி எழுதிருக்காரு. நாங்க ரெண்டு பேரும் ஒரே கொள்கைய யோசிச்சப்போ ஊராலயும் கருத்தாலயும் ரொம்ப தூரத்துல இருந்தோம், எல்லாத்தையும் ஒண்ணா பாக்கணும்ங்கிற ஆசை என் மனசுல தெரியாமலே மத பின்னணில இருந்து வந்துருக்கலாம், அவ்வளவுதான்ங்கிற மாதிரி. நம்பிக்கை அவருக்கு உந்துதல் குடுத்துருக்கலாம். ஆனா சரியா தப்பான்னு சொல்ற வேலைய அவர் நம்பிக்கைகிட்ட குடுக்கல.

ராமானுஜன் கதையும் இதேதான். நாமகிரித் தாயார் கனவுல வந்து சொல்லுவாங்கன்னு அவர் சொன்னத நீங்க எல்லா மேடையிலயும் சொல்றீங்க, சந்தோஷம், எனக்கும் அத கேக்கறப்போ சிலிர்க்கும். மிச்சத்தையும் சேத்து சொல்லுங்க. 1913ல அவர் கேம்பிரிட்ஜுக்கு எழுதின கடிதத்த படிச்ச கணித அறிஞர் ஹார்டி ஒரு நாத்திகர். அவர் எங்கிருந்து வந்துச்சுன்னு பாத்து தள்ளிவிடல, பிரமிச்சு போய் நிரூபணம் எங்கன்னு கேட்டாரு. நிரூபிச்சு பாத்தப்போ பல தேற்றங்க வைரமா நின்னுச்சு. பகா எண்கள் பத்தி ராமானுஜன் சொன்ன சில விஷயங்க மட்டும் தப்பா போச்சு. தாயார் சொன்னதா அவர் நம்பினாலும் தப்பானது தப்புதான், அதனால ராமானுஜனோட பக்தியும் குறையல, கணிதத்தோட கறாரும் குறையல. ஒரு யோசனை எந்த வாசல் வழியா வேணா வரட்டும், கனவா இருக்கலாம் தியானமா இருக்கலாம், ஆனா வந்தப்புறம் எல்லாத்துக்கும் ஒரே சோதனைதான்.

இன்னொண்ணு, நீங்க உண்மையிலயே சயின்ஸ சாட்சியா கூப்பிடறீங்கன்னா அது உங்களுக்கு எதிரா சொல்றப்பவும் கேக்க தயாரா இருக்கணும். 2006ல அமெரிக்காவுல ஒரு பெரிய ஆய்வு முடிவு வந்துச்சு, இதய பைபாஸ் ஆபரேஷன் பண்ணிக்கிட்ட 1,802 நோயாளிங்க, மூணு குழுவா பிரிச்சு, முன்பின் தெரியாதவங்கள விட்டு பிரார்த்தனை பண்ண வெச்சாங்க. பிரார்த்தனை நடந்தும் அது தெரியாதவங்கள்ல 52 சதவீதம் பேருக்கு சிக்கல் வந்துச்சு, பிரார்த்தனை நடக்காதவங்கள்ல 51 சதவீதம், தனக்காக பிரார்த்தனை நடக்குதுன்னு உறுதியா தெரிஞ்சவங்கள்ல 59 சதவீதம். வேலை செஞ்சதுக்கு அறிகுறியே இல்ல. முடிவு மாறி வந்துருந்தா நீங்க அத விட்டுருப்பீங்களா, இன்னைக்கும் போஸ்டர் அடிச்சிட்டு இருப்பீங்க. இப்போ இப்படி வந்துடுச்சே, பிரார்த்தனைய விட்டுட்டீங்களா? நானும் விடல. ஏன்னா நான் பிரார்த்தனை பண்றது சதவீதத்த ஏத்தறதுக்கு இல்ல, உடம்பு முடியாம கெடக்கற ஒருத்தர என் மனசுல சுமக்கறதுக்கு, என் பயத்த ஒருத்தர்கிட்ட இறக்கி வைக்கறதுக்கு. அதே காரணத்தாலதான் இதையும் சொல்றேன், பிரார்த்தனை பண்ணா போதும் மாத்திரைய நிறுத்துன்னு உங்கள்ல யாராவது சொல்றீங்கன்னா அது பாவம். உயிர் போகும். இந்த ஒரு விஷயத்துல எனக்கு விட்டுக்குடுத்து பேச தெரியாது.

ரெண்டுக்கும் நடுவுல மோதலே இல்லன்னு நான் பூசி மெழுக வரல. ஸ்டீஃபன் ஜே கௌல்ட்னு ஒரு உயிரியலாளர், சயின்ஸுக்கு ஒரு எல்லை மதத்துக்கு ஒரு எல்லை, ரெண்டும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறாதுன்னு சொன்னாரு, கேக்க நல்லாருக்கு, ஆனா நெஜத்துல மதங்க எல்லாமே உலகத்த பத்தியும் ஏதாவது சொல்லிட்டுதான் இருக்கு. பூமி படைக்கப்பட்டது கி.மு. 4004லன்னு ஆர்ச்பிஷப் அஷர் கணக்கு போட்டாரு, விண்கல்லுல இருக்கற ஈயத்த அளந்து 1956ல கிளேர் பேட்டர்சன்ங்கிற விஞ்ஞானி பூமியோட வயசு சுமார் 455 கோடி வருஷம்னு காமிச்சாரு, இதுல ரெண்டு பேரும் சரியா இருக்க முடியாது. அந்த மாதிரி இடத்துல மதம்தான் வழிவிடணும், ஏன்னா அளக்க முடிஞ்சது அளக்கறவங்களோட வேலை. கலிலியோவ 1633ல மண்டி போட வெச்சுட்டு, 1992ல போப் இரண்டாம் ஜான் பால் தப்பு நடந்துடுச்சுன்னு ஒத்துக்கற வரைக்கும் 350 வருஷத்துக்கு மேல ஆச்சு, அந்த பாரத்த இன்னைக்கும் ஒவ்வொரு கத்தோலிக்கரும் சுமக்கறாங்க. தலாய் லாமா பாருங்க, சயின்ஸ் ஒரு விஷயத்த தப்புன்னு உறுதியா காமிச்சிட்டா பௌத்தம் மாத்திக்கணும்னு எழுதினாரு, மேரு மலைய நடுவுல வெச்ச பழைய உலக வரைபடத்த விட்டுட்டாரு. பௌத்தம் அதனால இடிஞ்சா விழுந்துச்சு?

பரிணாமம்னாலே உங்கள்ல பாதி பேருக்கு கோவம் வருது, குரங்குல இருந்து வந்தியான்னு கூட்டத்த பாத்து கேக்கறீங்க. 2005ல அமெரிக்காவுல பென்சில்வேனியா மாகாணத்துல டோவர் பள்ளிக்கூட வழக்கு நடந்துச்சு, பரிணாமத்துக்கு மாற்றா, உயிர்கள அறிவுள்ள ஒரு வடிவமைப்பாளர் உருவாக்கினார்ங்கிற கருத்தையும் சயின்ஸ் வகுப்புல கொண்டு வரலாமான்னு. கொண்டு வரக்கூடாதுன்னு சாட்சி சொன்னவங்கள்ல முக்கியமான ரெண்டு பேரு யாரு தெரியுமா, கென்னத் மில்லர், உயிரியல் பேராசிரியர், கத்தோலிக்கர். ஜான் ஹாட், இறையியல் பேராசிரியர், அவரும் கத்தோலிக்கர். இது சயின்ஸே இல்ல, மதம்தான்னு நீதிபதி தீர்ப்பு எழுதினாரு. நம்பிக்கை உள்ளவங்களே எழுந்து நின்னு எங்க கடவுளுக்கு இந்த மாதிரி உதவி வேண்டாம்னு சொன்ன நாள் அது. மரபணுவுக்கு முதல் விதிகள பட்டாணி செடியில கண்டுபிடிச்ச மெண்டலும் துறவிதான், 1866ல அவர் எழுதின கட்டுரையில கடவுள் பேரே வராது, செடியும் எண்ணிக்கையும்தான் இருக்கும்.

எதிர்ப்பக்கம் இருக்கறவங்களுக்கும் ஒரு வார்த்தை, சுருக்கமா, ஏன்னா இந்த மடல் அவங்களுக்கு இல்ல. கடவுள் இல்லன்னு சயின்ஸ் நிரூபிச்சிடுச்சுன்னு சொல்றதும் அளவுக்கு மீறின பேச்சுதான். நூல்ல சொன்ன ஒரு குறிப்பிட்ட தகவல சயின்ஸ் உடைக்க முடியும், உடைச்சிருக்கு. ஆனா ஒண்ணுமே இல்லாம இருக்கறதுக்கு பதிலா ஏன் ஏதோ ஒண்ணு இருக்கு, நான் எப்படி வாழணும், செத்தவங்கள எப்படி மனசுல வெச்சிக்கணும்ங்கிற கேள்விங்களுக்கு எந்த கருவியிலயும் முள் நகராது. அதுக்கு மதம் சொல்ற பதில ஏத்துக்கறதும் மறுக்கறதும் உங்க இஷ்டம், ஆனா அத லேப் ரிசல்ட் மாதிரி அறிவிக்காதீங்க.

திரும்ப உங்ககிட்ட வர்றேன் அய்யா, அம்மா. உங்க பேச்ச கேட்டு வளந்த ஒரு பொண்ணோ பையனோ காலேஜ் போயி பிசிக்ஸோ பயாலஜியோ ஒழுங்கா படிக்கறாங்கன்னு வைங்க. ரெண்டாவது வருஷத்துலயே தெரிஞ்சிடும், நீங்க குவாண்டம்னு சொன்னது குவாண்டம் இல்ல, நீங்க சொன்ன அந்த விஞ்ஞானி அப்படி சொல்லவே இல்ல, அந்த வரிக்கு அந்த அர்த்தமே இல்லன்னு. அந்த பிள்ளை அதோட நிக்காது. இதுல பொய் சொன்னவங்க மிச்சத்துல மட்டும் உண்மையா சொல்லிருப்பாங்கன்னு கேக்கும். கருணை பத்தி, மன்னிப்பு பத்தி, பசிச்சவனுக்கு குடுக்கறத பத்தி நீங்க சொன்ன நல்லதெல்லாம் அந்த பொய்யோட சேத்து குப்பைக்கு போகும். இது அகஸ்டின் கேட்ட அதே கேள்வி. நாத்திகம் பேசறவங்க யாரும் அந்த பிள்ளைய உங்ககிட்ட இருந்து பிரிச்சு கூட்டிட்டு போகல, நீங்களே கைய புடிச்சு வாசல்ல கொண்டு போய் விட்டீங்க.

அதனால நான் கேக்கறது இதுதான். அடுத்த தடவ பேசறதுக்கு முன்னாடி உங்க மதத்துலயே இருக்கற ஒரு பிசிக்ஸ் வாத்தியாரையோ டாக்டரையோ கூப்பிட்டு நீங்க சொல்லப் போற சயின்ஸ் விஷயத்த ஒரு தடவ படிச்சு காட்டுங்க, எல்லா மதத்துலயும் அப்படிப்பட்டவங்க இருக்காங்க, உங்க மேல மரியாதையோட திருத்தி குடுப்பாங்க. அவங்க வேண்டாம்னா விட்டுடுங்க. ஃபார்வர்ட்ல வந்த அற்புதத்த மேடையில ஏத்தாதீங்க, ஏற்கனவே ஏத்தினது தப்புன்னு தெரிஞ்சா அதே மேடையில திருத்துங்க. ஸ்கூல்ல பரிணாமமும் பூமியோட வயசும் ஒழுங்கா சொல்லிக் குடுக்கற டீச்சர எதிர்த்து பேசாதீங்க, முடிஞ்சா அவங்க பக்கத்துல நில்லுங்க, ஜான் ஹாட் நின்ன மாதிரி. உங்க நூல உங்க நூலாவே சொல்லுங்க, அதுல கவிதை இருக்கு, அறம் இருக்கு, பல நூறு வருஷத்து மனுஷங்க அழுததும் பாடினதும் இருக்கு, அத கேக்கத்தான் நாங்க வர்றோம், சயின்ஸ் கேக்கணும்னா அதுக்கு வேற இடம் இருக்கு.

மேல நான் குடுத்த வருஷமோ பேரோ சம்பவமோ எதுல தப்பு இருந்தாலும் ஆதாரத்தோட சொல்லுங்க, திருத்திக்கறேன். உங்க பேச்சுல இருக்கற தப்ப மத்தவங்க சொல்றப்போ நீங்களும் அதையே பண்ணணும்னு கேட்டுக்கறேன். பதில எதிர்பாக்கறேன்.

இப்படிக்கு,
நம்பிக்கையும் சயின்ஸும் ரெண்டுமே வேணும்னு நெனைக்கற ஒருத்தன்